நாலு இலை விழுந்தால் ஒரம்பரை

வாஷிங் மிஷின் நின்றுபோனதும்
கோகிலாக்கா பீரோவிலிருந்து ஒரு பச்சைப் பையை எடுத்தார்.
உள்ளே அதற்கொரு தாள் இருந்தது:
வாங்கிய தேதி, எத்தனை வருசம்,
எது பழுதானால் காசு, எதற்குக் காசில்லை.
மெக்கானிக் பையன் சத்தமாகப் படித்தான்.
நான் துணி பிழிந்துகொண்டிருந்தேன்,
ஒரு நாளைக்கு மட்டும் என்று சொன்ன வேலையை
பதினோராம் நாளாக.

அதே பைக்குள்
மாடியில் குடியிருப்பவரின் வாடகைப் பத்திரம்,
நாய்க்கு ஊசி போட்ட அட்டை,
நூல் கட்டிய மஞ்சள் மண்டிச் சீட்டுகள்.
ஆறு வருசமாக வருகிறேன்.
என் பேரில் ஒரு துண்டுச் சீட்டில்லை.

என் வீட்டுக்காரருக்குக்
கருங்கல்பாளையம் சந்தையில் மாட்டுத் தரகு.
துண்டைப் போர்த்தி, அதற்கடியில்
விரலைப் பிடித்து விலை பேசுவார்கள்.
பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது.
பிடித்தவனுக்குத் தெரியும்.
எனக்கு அந்த விரலும் கிடைக்கவில்லை.
சேர்ந்த காலையில், என்னங்க தருவீங்க என்றதற்கு
"பாத்துக்கலாம் அம்மிணி."
அந்த ஒரு சொல்லுக்குள்தான்
இத்தனை நாளும் குடியிருந்தேன்,
வாடகைப் பத்திரம் இல்லாமல்.

பேச்சு, பாத்திரம் கழுவத்தான்.
பெரியவருக்கு இடுப்பு ஒடிந்த வருசம்
அவர் படுக்கைத் துணியும் சேர்ந்தது.
அப்புறம் மொட்டைமாடித் தொட்டி, நாயின் வட்டல்.
சேர்ந்ததெல்லாம் வாய்ப்பேச்சில் சேர்ந்தது.
காய்ச்சலில் படுத்த எட்டு நாளை மட்டும்
கால்குலேட்டரில் கழித்தார்.
கேட்டால், அவருக்கொரு ஞாபகம்
எனக்கொரு ஞாபகம்.
அவர் ஞாபகத்துக்குச் சொந்த வீடு இருந்தது.

"எழுதிக் குடுங்க்கா" என்றேன், சோப்புக் கையோடு.
"நமக்குள்ள எதுக்கு மயிலா?"
நல்லவர்தான்.
நோம்பிக்கு எடுக்கும் சீலையில் குறை வைத்ததில்லை.
"நல்லவங்கன்னுதானுங்க கேக்கறேன்.
கெட்டவங்க எழுதிக் குடுப்பாங்களா?"

யார் வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகையோ,
அதன் பின்பக்கம்.
"முழுப்பேரு?"
"ப. மயிலாத்தாள்."
நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார்.
சம்பளம், தேதி அஞ்சு.
மாசம் மூணு நாள் லீவு கேட்டேன்,
ரெண்டோடு நிறுத்தினார்.
பெரியவர் துணிக்குத் தனியாக இவ்வளவு.
காய்ச்சலுக்குக் காசு பிடிப்பதில்லை
என்ற வரியில் பேனா எழுதாமல்
உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்து எழுதினார்.

"ஒரம்பரை வந்தாத் தனிங்க்கா."
"எத்தனை பேரு வந்தா ஒரம்பரை?"

நியாயமான கேள்வி.
வாசலில் நின்றவரைச்
சாப்பிடச் சொல்லாமல் அனுப்பாத சீமையில்
இதை யார் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்?
"தண்ணி குடிச்சுட்டுப் போனா?"
"அது இல்லீங்க."
"காப்பி?"
"அதுவும் போவட்டுங்க. இலை விழுந்தாத்தான்."
நான் ரெண்டு இலை என்றேன், அவர் ஆறு என்றார்.
துண்டில்லை, மறைவில்லை,
டியூப் லைட் வெளிச்சத்தில்
இரண்டு பேரும் விரலை நீட்டிப் பேசி
நாலில் வந்து நின்றோம்.
அவர் கையெழுத்து, என் கையெழுத்து.
ஜெராக்ஸ் ரெண்டு ரூபாய்.
அது அவரிடம்.
அட்டை என் ரேஷன் கார்டு உறைக்குள்.

ஞாயிற்றுக்கிழமை காங்கேயத்திலிருந்து
அவர் தங்கை வந்தார்,
தங்கை வீட்டுக்காரர், அவருடைய அம்மா.
மூன்று இலை.
தங்கை இடுப்பில் ஒரு குழந்தை.
பருப்புச் சோறு குழைத்த போசி ஒன்று,
பால் பாட்டில் மூன்று,
சோபாவுக்கடியில் ரசம், சுவரில் கை.

எல்லோரும் கிளம்பின பிறகு
அக்கா என்னைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
குழந்தையைப் பற்றி நாங்கள் எழுதவில்லை.

பத்திரிகையின் அடியில்
இன்னும் ரெண்டு விரல் இடம் இருக்கிறது.